மேலமாசி வீதி காந்தி தங்கிய இல்லம், மதுரை

மேலமாசி வீதி காந்தி தங்கிய இல்லம் என்பது தமிழ்நாட்டின் மதுரை நகரில், மேலமாசி வீதியில் 251-ஏ என்ற கதவு எண்ணில் அமைந்துள்ள பழைய மாடிக் கட்டடம் ஆகும். 1921 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் மதுரைக்கு வந்த மகாத்மா காந்தி, குசராத்தி வணிகரான ராம்ஜி கல்யாண்ஜி என்பவரின் விருந்தினராக இவ்வீட்டின் மாடியில் தங்கினார். தொப்பியையும் மேற்சட்டையையும் நீண்ட வேட்டியையும் கைவிட்டு, முழங்கால் அளவிலான அரைவேட்டியை மட்டும் உடுத்துவது என்ற முடிவை அவர் 1921 செப்டம்பர் 22 அன்று இங்கு நடைமுறைப்படுத்தினார். பிற்காலத்தில் இக்கட்டடம் கதர் விற்பனை நிலையமாக மாறியது. கீழே கடையும் மேலே காந்தி தங்கிய அறையுமாக இது இன்று விளங்குகிறது.

அமைவிடம்

மதுரையின் பழைய நகரம் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலை நடுவாகக் கொண்டு, ஒன்றினுள் ஒன்றாக அமைந்த சதுர வடிவ வீதிகளைக் கொண்டது. கோயிலின் உள்ளே ஆடி வீதிகளும், மதிலுக்கு வெளியே முறையே சித்திரை வீதிகள், ஆவணி மூல வீதிகள், மாசி வீதிகள், வெளி வீதிகள் என்பனவும் அமைந்துள்ளன. ஒவ்வொரு சதுரத்தின் நான்கு பக்கங்களும் கீழ, மேல, வடக்கு, தெற்கு என்ற திசைப் பெயர்களைப் பெற்றுள்ளன. மேலமாசி வீதி என்பது மாசிச் சதுரத்தின் மேற்குப் பக்கம் ஆகும்.

நகரின் இவ்வமைப்பு 16 ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் காலத்தில் ஒழுங்குபடுத்தப்பட்டது என்பர். வெளி வீதிகள் மட்டும் காலத்தால் பிந்தியவை. 19 ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மாவட்ட ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவர் இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டு, அந்நிலத்தில் இவ்வீதிகள் அமைக்கப்பட்டன. அதுவரை நகரின் வெளிவிளிம்பை ஒட்டி இருந்த மாசி வீதிகள் அதன்பின் நகரின் நடுப்பகுதியாக மாறின.

1875 ஆம் ஆண்டு தொடர்வண்டிப் பாதை மதுரையை அடைந்தது. தொடர்வண்டி நிலையம் மேலவெளி வீதியை ஒட்டி அமைந்ததால், நிலையத்தில் இருந்து கோயிலுக்குச் செல்வோர் மேலமாசி வீதியைக் கடந்தே செல்ல வேண்டியதாயிற்று. சரக்கும் பயணிகளும் இவ்வழியே வந்ததனால் துணி, பாத்திரம், மளிகை முதலிய வணிகங்களும் தங்கும் விடுதிகளும் இப்பகுதியில் பெருகின. இம்மையில் நன்மை தருவார் கோயிலும் மதனகோபால சுவாமி கோயிலும் இவ்வீதியிலேயே அமைந்துள்ளன. சித்திரைத் திருவிழாவின் தேரோட்டம் நான்கு மாசி வீதிகளின் வழியாகவே நடைபெறுகிறது.

கடையும் வீடும்

தெருவை ஒட்டிய பகுதியில் கடையும், அதன் பின்புறத்திலோ மாடியிலோ குடியிருப்பும் கொண்ட கட்டடங்கள் தமிழ்நாட்டின் பழைய கடைவீதிகள் அனைத்திலும் காணப்படுபவை. மதுரையின் மாசி வீதிகளிலும் ஆவணி மூல வீதிகளிலும் இவ்வகைக் கட்டடங்கள் மிகுதி. இவற்றின் பொதுவான கூறுகள் வருமாறு:

- தெருவை நோக்கிய முகப்பு குறுகலாகவும், உட்செல்லும் நீளம் மிகுதியாகவும் இருக்கும். கடைவீதியில் முகப்பு நிலமே விலை மிக்கது என்பதே இதற்குக் காரணம்.
- வீட்டின் திண்ணை இருக்கும் இடத்தில் கடையின் மேடை அமையும். வணிகர் கல்லாப்பெட்டியுடன் மேடையில் அமர்ந்திருக்க, வாங்குவோர் தெருவில் நின்றோ மேடையின் விளிம்பில் அமர்ந்தோ பேரம் பேசுவர்.
- கடையை அடைக்க நீண்ட பலகைகள் பயன்பட்டன. ஒவ்வொரு பலகையாக வரிசைப்படி பொருத்தி, இறுதியில் குறுக்கே இரும்புச் சட்டம் இட்டுப் பூட்டுவர். பிற்காலத்தில் இவ்விடத்தை இரும்புச் சுருள்கதவுகள் பிடித்துக்கொண்டன.
- கடையின் பின்னால் சரக்கறையும், காற்றும் வெளிச்சமும் வர ஒரு முற்றமும், அதன் பின்னால் சமையற்கட்டும் கிணறும் அமையும்.
- மாடிக்குச் செல்லும் படிக்கட்டு பெரும்பாலும் கடைக்குப் பக்கவாட்டில் குறுகலாக இருக்கும். இதனால் கடை அடைத்திருக்கும்போதும் வீட்டார் வந்து செல்ல இயலும்.

இவ்வமைப்பினால் வணிகருக்குத் தனி வாடகையும் இரவுக் காவலும் தேவைப்படவில்லை. வெளியூரில் இருந்து வரும் வணிக நண்பர்களை மாடியில் தங்க வைப்பதும் வழக்கமாக இருந்தது. இந்தியாவின் பல பகுதிகளில் இருந்து வந்த வணிகர்கள் தங்கள் ஊரவருக்கும் மொழியினருக்கும் இவ்வாறு விருந்தோம்பினர். குசராத்தியரான காந்தி, மதுரையில் குசராத்தி வணிகர் ஒருவரின் வீட்டில் தங்கியது இவ்வழக்கத்தோடு பொருந்தியதே.

வரலாற்றுப் பின்னணி

1920 ஆம் ஆண்டு தொடங்கிய ஒத்துழையாமை இயக்கத்தின் முதன்மையான கூறுகளில் ஒன்று வெளிநாட்டுத் துணி மறுப்பு. 1921 மார்ச்சு மாத இறுதியில் விசயவாடாவில் கூடிய அகில இந்திய காங்கிரசுக் குழு, நாடு முழுவதும் 20 இலட்சம் இராட்டைகளைச் சுழலச் செய்வது என்று தீர்மானித்தது. அதே ஆண்டு சூலை 31 அன்று பம்பாயின் பரேல் பகுதியில் காந்தியின் முன்னிலையில் வெளிநாட்டுத் துணிகள் குவித்துக் கொளுத்தப்பட்டன.

துணியைக் கொளுத்துவது எளிதாக இருந்தது. அதற்கு மாற்றாகக் கதரைத் தருவது எளிதாக இல்லை. இராட்டையில் நூற்பவர் ஒரு நேரத்தில் ஓர் இழையை மட்டுமே நூற்க இயலும். எனவே ஒரே ஒரு கைத்தறியைத் தொடர்ந்து இயக்குவதற்கே பல இராட்டைகளின் நூல் தேவைப்பட்டது. ஆலையின் நூற்பு எந்திரமோ பல கதிர்களில் ஒரே நேரத்தில் நூற்றது. ஆகவே கதர் போதிய அளவு கிடைக்கவில்லை. கிடைத்ததும் ஆலைத் துணியை விட விலை மிகுந்திருந்தது. மதுரையில் இவ்வேறுபாடு கண்ணெதிரே தெரிந்தது. தொடர்வண்டி நிலையத்தின் அருகே ஆர்வி குடும்பத்தாரின் மதுரை நூற்பாலை 1892 ஆம் ஆண்டு முதல் இயங்கி வந்தது. நகரில் நெசவையே தொழிலாகக் கொண்ட சௌராட்டிரர் முதலிய மக்களும் பெரும் எண்ணிக்கையில் வாழ்ந்தனர்.

1921 மதுரை வருகை

1921 செப்டம்பரில் காந்தி மௌலானா முகமது அலியுடன் சென்னை மாகாணத்தில் சுற்றுப்பயணம் மேற்கொண்டார். மலபாரில் ஆகத்து மாதம் கிளர்ச்சி தொடங்கியிருந்த நேரம் அது. செப்டம்பர் 14 அன்று வால்டேர் தொடர்வண்டி நிலையத்தில் முகமது அலி கைது செய்யப்பட்டார். காந்தி பயணத்தைத் தொடர்ந்து சென்னை வந்து, பின்னர் திருச்சிராப்பள்ளி, திண்டுக்கல் வழியாகச் செப்டம்பர் 21 அன்று மதுரையை அடைந்தார்.

முடிவுக்கு இட்டுச் சென்ற தருணங்கள்

உடை மாற்றம் குறித்துக் காந்தி தமது நவசீவன் இதழில் விளக்கம் எழுதினார். அதன்படி, இம்முடிவு மதுரையில் திடீரெனத் தோன்றியது அன்று. அதற்கு முன் இரு முறை அவர் இதனை எண்ணிப் பார்த்துத் தயங்கியுள்ளார்.

1. வங்காளத்தின் குல்னா பகுதியில் பஞ்சம் ஏற்பட்டபோது, மக்கள் உணவும் உடையும் இன்றித் தவிக்கையில் துணியைக் கொளுத்துவது முறையா என்ற கண்டனம் எழுந்தது. அப்போது தமது சட்டையையும் வேட்டியையும் நிவாரணப் பணியில் இருந்த பிரபுல்ல சந்திர ராயிடம் அனுப்பிவிட்டு அரைத்துணியோடு இருக்கலாமா என்று காந்தி எண்ணினார்.
2. வால்டேரில் முகமது அலி கைதானபின் கூட்டத்தில் பேசச் சென்றபோது தொப்பியையும் சட்டையையும் களைய எண்ணினார். அது பரபரப்பை உண்டாக்கும் செயலாகத் தோன்றும் என்பதால் தவிர்த்தார்.
3. தமிழ்நாட்டுப் பயணத்தில், கதர் போதிய அளவு கிடைப்பதில்லை, கிடைத்தாலும் வாங்கப் பணமில்லை என்று பலர் அவரிடம் கூறினர். இதுவே இறுதித் தருணம்.

பிற்காலத்தில் அவர் எழுதிய மற்றொரு நினைவுக் குறிப்பில் மதுரைக்கு வந்த தொடர்வண்டிப் பயணம் இடம்பெறுகிறது. உடன் பயணித்தவர்கள் வெளிநாட்டுத் துணி உடுத்தியிருந்தனர். கதர் உடுத்துமாறு அவர் கேட்டபோது, அதன் விலை தங்களுக்குக் கட்டுப்படியாகாது என்று அவர்கள் விடையளித்தனர். அவ்விடையில் ஓரளவு உண்மை இருப்பதை அவர் ஏற்றுக்கொண்டார். தாம் தொப்பியும் சட்டையும் முழு வேட்டியும் அணிந்துகொண்டு ஏழையிடம் கதர் வாங்கச் சொல்வது பொருந்தாது என்று கருதினார். அணியும் துணியின் அளவைக் குறைத்தால் கதரின் விலை ஒரு தடையாக இராது என்பதே அவர் கண்ட விடை.

செப்டம்பர் 22

மதுரைக் கூட்டத்திற்கு மறுநாள், 1921 செப்டம்பர் 22 அன்று, காந்தி மேலமாசி வீதி இல்லத்தில் புதிய உடைக்கு மாறினார். உடன் இருந்தவர்களுள் அனைவரும் இதனை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. இராசகோபாலாச்சாரி முதலியோருக்குத் தயக்கம் இருந்தது. பயணத்தில் உடன் வந்த மௌலானா ஆசாத் சோபானி, தமது சமய நெறிக்கு உட்பட்டுத் தாமும் உடையைக் குறைத்துக்கொண்டார்.

இம்மாற்றம் தொடக்கத்தில் அவ்வாண்டு அக்டோபர் 31 வரை மட்டுமே என்று அறிவிக்கப்பட்டது. தேவை ஏற்படும்போது உடலைப் பாதுகாக்க ஒரு போர்வையைப் பயன்படுத்துவதாகவும் காந்தி கூறியிருந்தார். தம்மைப் பின்பற்றி அனைவரும் இவ்வாறு உடுத்த வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. கதர் வாங்க வசதியற்றவர்கள் குறைந்த துணி உடுத்துவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை என்பதை உணர்த்துவதே அவர் நோக்கமாக இருந்தது.

காந்திப் பொட்டல்

புதிய உடையில் காந்தி மக்கள் முன் முதன்முதலாகத் தோன்றிய இடம், மதுரை காமராசர் சாலையில் உள்ள திறந்தவெளி எனக் கூறப்படுகிறது. மதுரையில் இருந்து புறப்பட்டுச் செல்லும் வழியில் இவ்விடத்தில் அவர் மக்களைச் சந்தித்தார். அதன் நினைவாக இவ்விடம் காந்திப் பொட்டல் என்று அழைக்கப்படுகிறது. இங்குக் காந்தியின் சிலை ஒன்று உள்ளது. பொட்டல் என்பது மரஞ்செடிகள் அற்ற திறந்த வெளியைக் குறிக்கும் சொல்லாகும்.

பரவலான தவறான கருத்துகள்

- வைகைக் கரையில் கோவணம் கட்டிய உழவர் ஒருவரைக் கண்டவுடன் காந்தி உடையை மாற்றிக்கொண்டார் என்ற கதை தமிழ்நாட்டில் பரவலாக வழங்குகிறது. காந்தியின் சொந்த விளக்கத்தில், முடிவுக்குக் காரணமாக இத்தகைய தனியொரு காட்சி குறிப்பிடப்படவில்லை. மேலே கூறிய தருணங்களே குறிப்பிடப்பட்டுள்ளன.
- ஆங்கில நூல்களில் காணப்படும் சொல்லை நேராகப் பெயர்த்து, காந்தி கோவணம் உடுத்தியதாகச் சிலர் எழுதுவர். அவர் உடுத்தியது முழங்கால் அளவுக்குச் சுருக்கிய வேட்டி. இதனை அரைவேட்டி என்பதே பொருத்தமானது.
- வாழ்நாள் முழுமைக்குமான உறுதிமொழியாக இது மதுரையில் அறிவிக்கப்பட்டது என்பதும் சரியன்று. குறிப்பிட்ட நாள் வரையென அறிவிக்கப்பட்டது பின்னர் நிலைபெற்றது.

பின்விளைவுகள்

1921 அக்டோபர் 31 கடந்த பின்னரும் காந்தி பழைய உடைக்குத் திரும்பவில்லை. 1930 ஆம் ஆண்டு தண்டி யாத்திரையிலும், 1931 ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற இரண்டாம் வட்டமேசை மாநாட்டிலும் இவ்வுடையிலேயே கலந்துகொண்டார். 1931 நவம்பரில் பக்கிங்காம் அரண்மனையில் மன்னர் ஐந்தாம் சார்ச்சு அளித்த தேநீர் விருந்துக்கும் இதே உடையில்தான் சென்றார். அவ்வாண்டின் தொடக்கத்தில் வின்சுடன் சர்ச்சில் அவரை அரை நிருவாணப் பக்கிரி என்ற பொருள்பட இகழ்ந்து பேசியிருந்தார். 1948 சனவரி 30 அன்று சுட்டுக் கொல்லப்படும் வரை காந்தியின் உடை இதுவே. உலகெங்கும் உள்ள காந்தி சிலைகளில் பெரும்பாலானவை மதுரையில் ஏற்றுக்கொண்ட தோற்றத்தையே காட்டுகின்றன.

கட்டடத்தின் பிற்கால நிலை

1925 ஆம் ஆண்டு அகில இந்திய நூற்போர் சங்கம் தொடங்கப்பட்டபின் கதர் உற்பத்தியும் விற்பனையும் அமைப்பு முறையில் நடைபெறலாயின. விடுதலைக்குப் பின்னர் மத்திய அரசின் கதர் கிராமத் தொழில்கள் ஆணையமும், 1959 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாநில அளவில் கதர் கிராமத் தொழில் வாரியமும் ஏற்பட்டன. வாரியத்தின் விற்பனை நிலையங்கள் காதி கிராப்ட் என்ற பெயரில் இயங்குகின்றன.

மேலமாசி வீதி இல்லமும் காதி கிராப்ட் விற்பனை நிலையமாகியது. தரைத்தளத்தில் கதர்த் துணிகளும் கிராமத் தொழிற் பொருள்களும் விற்கப்படுகின்றன. காந்தி தங்கிய மாடிப் பகுதி நினைவிடமாகப் பேணப்படுகிறது. அங்கு அவருடைய வாழ்க்கை தொடர்பான படங்கள் வைக்கப்பட்டுள்ளன. கதர் விலை மிகுதி என்ற முறையீட்டுக்கு விடையாக உடை மாறிய வீட்டிலேயே கதர்க்கடை நடைபெறுவது குறிப்பிடத்தக்கது. ஆண்டுதோறும் செப்டம்பர் 22, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் காந்தியப் பற்றாளர்கள் இங்குக் கூடுவது வழக்கம். 2021 ஆம் ஆண்டு உடை மாற்றத்தின் நூற்றாண்டு நினைவுகூரப்பட்டது.

பாதுகாப்பும் மதிப்பும்

மாசி வீதிகளில் நிலமதிப்பு உயர்ந்ததன் விளைவாக, கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த பழைய கட்டடங்கள் பல இடிக்கப்பட்டு, அடுக்குமாடி வணிக வளாகங்களாகவும் தங்கும் விடுதிகளாகவும் மாறியுள்ளன. வணிகர் குடும்பங்கள் புறநகர்ப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தபோது மாடி வீடுகள் சரக்கறைகளாயின. சுண்ணாம்புச் சாந்தும் மரத்துலாக்களும் கொண்ட இத்தகைய கட்டடங்கள், ஆண்டுதோறும் பழுது பார்க்கப்படாவிடில் மழைநீர் இறங்கி விரைவில் கெடுகின்றன. குடியிருப்போர் இல்லாத மாடியில் ஒழுக்கை முதலில் காண்பதற்கும் ஆள் இருப்பதில்லை.

இதே வீதியின் மற்றொரு கட்டடத்தின் வரலாறு இங்கு ஒப்பிடத்தக்கது. மதனகோபால சுவாமி கோயிலுக்கு உரிய கல்மண்டபம் ஒன்றின் தூண்களையும் சிற்பங்களையும், 1912 ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த அமெரிக்கப் பெண்மணி அடலின் பெப்பர் கிப்சன் விலைக்கு வாங்கினார். அவை கப்பலில் ஏற்றிச் செல்லப்பட்டு, பின்னர் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் மீண்டும் மண்டபமாக அமைக்கப்பட்டன. அம்மண்டபம் அழியாமல் உள்ளது. ஆனால் தன் வீதியில் இல்லை. காந்தி தங்கிய இல்லமோ நாள்தோறும் பயன்பாட்டில் உள்ள கடையாகத் தன் வீதியிலேயே நிற்கிறது. கடையின் பயன்பாடு இருக்கும் வரை கட்டடத்தைப் பேணும் தேவையும் தொடர்கிறது. எனவே இத்தகைய கட்டடங்களைப் பொருத்தவரை, பயன்பாட்டை நிறுத்தி அவற்றை வெறும் காட்சிப்பொருளாக்குவதை விட, தகுந்த பயன்பாட்டுடன் பேணுவதே ஏற்றது என்ற கருத்து உண்டு.

பிற நாடுகளில்

தமிழர் குடியேறிய தென்கிழக்காசிய நகரங்களில் இத்தகைய கட்டடங்கள் கடைவீடு என்றே அழைக்கப்படுகின்றன. சிங்கப்பூரில் 1822 ஆம் ஆண்டு இராஃபிள்சு வகுத்த நகரத் திட்டம், கடைவீடுகளின் முன் கூரையிட்ட நடைபாதை தொடர்ச்சியாக அமைய வேண்டும் என்று விதித்தது. அதன் அகலத்தை ஒட்டி இந்நடைபாதை ஐந்தடி என்றும், பேச்சுவழக்கில் அஞ்சடி என்றும் அழைக்கப்படுகிறது. சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைப் பகுதியில் உள்ள கடைவீடுகள் பேணுகைக்கு உரியவையாக அறிவிக்கப்பட்டுள்ளன. மலேசியாவின் பினாங்கில் உள்ள சார்ச்சுடவுன் நகரம், மலாக்காவுடன் இணைத்து 2008 ஆம் ஆண்டு யுனெசுக்கோவின் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டதற்கு அங்குள்ள கடைவீட்டு வரிசைகளும் ஒரு காரணம். அங்குத் தனியொரு கட்டடமாக அன்றித் தெரு முழுவதும் ஒரே தொகுதியாகப் பேணப்படுவது, மதுரையின் மாசி வீதிகளுக்கும் எண்ணிப் பார்க்கத்தக்க முறையாகும்.

மதுரையில் காந்தி தொடர்பான பிற இடங்கள்

காந்தி 1919, 1921, 1927, 1934, 1946 ஆகிய ஆண்டுகளில் என ஐந்து முறை மதுரைக்கு வந்துள்ளார். அவர் வருகையோடும் நினைவோடும் தொடர்புடைய பிற இடங்கள் பின்வருவன:

- மீனாட்சி சுந்தரேசுவரர் கோயில்: தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நுழைவு மறுக்கப்பட்டிருந்த காலத்தில் காந்தி இக்கோயிலுக்குள் செல்லவில்லை. 1939 சூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலய நுழைவு நடைபெற்றது. அதன்பின் 1946 ஆம் ஆண்டு வருகையின்போது காந்தி கோயிலுக்குள் சென்றார்.
- காந்தி நினைவு அருங்காட்சியகம்: இராணி மங்கம்மாள் பெயரால் அறியப்படும் தமுக்கம் அரண்மனையில் அமைந்துள்ளது. 1959 ஏப்ரல் 15 அன்று பிரதமர் சவகர்லால் நேரு இதனைத் திறந்து வைத்தார். காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த இரத்தக்கறை படிந்த துணியின் பகுதி இங்குப் பாதுகாக்கப்படுகிறது. மேலமாசி வீதியில் தொடங்கிய உடையின் முடிவை இந்நகரிலேயே காணலாம்.
- காந்திப் பொட்டல்: காமராசர் சாலையில் உள்ளது.

பார்வையிடல்

மதுரை தொடர்வண்டி நிலையத்தில் இருந்து நடந்தே இவ்விடத்தை அடையலாம். கடை திறந்திருக்கும் வேளையில், அங்குள்ள பணியாளர்களிடம் கேட்டு மாடிப் பகுதியைப் பார்க்கலாம். தீபாவளி, சித்திரைத் திருவிழா ஆகிய காலங்களில் மாசி வீதிகளில் நெரிசல் மிகுதியாக இருக்கும்.

இவற்றையும் பார்க்கவும்

- மாசி வீதிகள், மதுரை
- காந்தி நினைவு அருங்காட்சியகம், மதுரை
- ஒத்துழையாமை இயக்கம்
- கதர்
- மதுரை ஆலய நுழைவுப் போராட்டம்